மரங்களின் கவனத்திற்கு

தையற்காரருக்கு மரங்களோடு எந்தப் பகையும் கிடையாது. மரங்களுக்குத்தான் அவர்மேல் என்னவோ இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து வேலி வரைக்கும் வரிசை கட்டி நின்ற தைலமரங்கள், லேசாகக் காற்றடித்தாலும் உரிந்த பட்டையையும் காய்ந்த இலையையும் அவர் கூரைமேல் கொட்டின. அவர் ஏணி போட்டு ஏறி, கூட்டி, அள்ளி, கோணியில் திணித்துக் கீழே இறங்குவதற்குள் அடுத்த கோணிக்குச் சரக்கு வந்து சேர்ந்துவிடும். தைலமரத்துச் சருகு சாதாரணச் சருகு அல்ல. அதற்குள் எண்ணெய் இருக்கிறது. "இதுக்கு நெருப்பே வேண்டாம் மாப்பிள்ளை, நெருப்புப் பெட்டியைக் காட்டினாலே போதும்" என்பார் மாமனார். சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பற்றவைப்பார்.

வீடு மாமனார் கட்டியது. அதன் முன்னறைதான் தையற்கடை. பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் துணி காயப்போடும் கொடி, அதற்கும் பின்னால் மேற்படி மரங்கள். போன கோடையில் தூரத்து மலையில் தீப்பிடித்தபோது, சாம்பல் பறந்து வந்து கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைகள்மேல் உட்கார்ந்தது. தையற்காரரின் மனைவி சட்டைகளை மறுபடி துவைத்தாள். துவைத்தபடியே சொன்னாள்.

"இந்த வருஷம் சாம்பல் வந்துச்சு. அடுத்த வருஷம் நெருப்பே வரும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

"யார்கிட்டம்மா சொல்றது?"

"மரத்தை நட்டவங்க கிட்ட."

நட்டவர்கள் ஊருக்கு நடுவில் ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தார்கள். தைலமர வளர்ப்பு மற்றும் தீத்தடுப்பு நல்லிணக்க வாரியம் என்று பெயர். மரத்தை நடுவதும் அவர்கள்தான். அது எரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் அவர்கள்தான். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடனுக்காவது பூட்டைத் திறக்கத் தெரியும்.

கட்டடத்துக்குள் நீளமாக ஒரு நடைக்கூடம். இந்தப் பக்கம் மரப்பிரிவு, அந்தப் பக்கம் விலங்குப்பிரிவு. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாரியத்திடம் இருந்தது ஒரே ஒரு நீள அளவுநாடா. அது இப்போது விலங்குப்பிரிவின் கையில் இருந்தது. அளப்பதற்கு விலங்கு இல்லாத காரணத்தால் ஜன்னல் கதவு ஆடாமல் கட்டிவைக்கப் பயன்பட்டது.

மரப்பிரிவு அதிகாரி பூவைத் தொடுவதுபோல மேசைமேலிருந்த தைலமரக் கன்றைத் தடவியபடி தையற்காரரை உட்காரச் சொன்னார்.

"சார், எங்க வீட்டுக்குப் பின்னாடி தைலமரம் நிக்குது. தீப்பிடிச்சா..."

அதிகாரி பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாது. வெப்ப நிகழ்வுன்னு சொல்லுங்க."

"நெருப்புன்னா வாயா வெந்துடும் சார்?"

"வாய் வேகாது. வேலை போயிடும். சரி, வெப்ப நிகழ்வு நடந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் எதைப் பத்திப் புகார்?"

"நடந்துடுமோன்னு பயமா இருக்கு."

"நடக்காததை நடக்கும்னு சொன்னா அது ஜோசியம். எரியாத மரத்தை எரியும்னு சொன்னா அது அவதூறு. மரத்தால எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அதனாலதான் நாங்க இருக்கோம்."

"அப்போ நடந்த பிறகு வரட்டுமா சார்?"

அதிகாரி பரிதாபமாகச் சிரித்தார். "நடந்த பிறகு அது மரமே இல்லையே. கரி. கரி எங்க பிரிவுல வராது."

தையற்காரர் எழுந்து நின்றார். எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போனால் மனைவி என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தில் அவர் அப்படியே உட்கார்ந்திருக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பூட்ட வேண்டிய அறையில் ஆள் இருப்பது அதிகாரிக்கு இடைஞ்சலாகப் போக, நேரில் வந்து பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டார்.

சொன்னபடி வந்தும்விட்டார். அளவுநாடா மட்டும் வரவில்லை. விலங்குப்பிரிவு ஜன்னலை அவிழ்க்க மறுத்துவிட்டதாம். தையற்காரர் தன் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் முதலில் மரத்தின் மார்பளவை எடுத்துவிட்டுத்தான் அதிகாரியிடம் கொடுத்தார். பிறகு அதிகாரி முட்டி போட்டு, மரத்தடியில் ஆரம்பித்து, டேப்பை மறுபடி மறுபடி புரட்டிப் போட்டுச் சமையலறைச் சுவர் வரைக்கும் தவழ்ந்து வந்து சேர்ந்தார். கால்சட்டை முழுக்க மண்.

"முப்பதடி இடைவெளி இருக்கணும்னு விதி. இங்க இருபதுகூட இல்ல. அப்பட்டமான விதிமீறல்!"

தையற்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. "அப்போ மரத்தை வெட்டிடுவீங்களா சார்?"

"மரம் என்ன தப்புப் பண்ணுச்சு? நீங்களும் பாத்தீங்களே, மரத்துலேருந்துதானே அளந்துட்டு வந்தேன்? முப்பதடிக்குள்ள வந்து நிக்கறது உங்க வீடு."

மாமனாருக்குச் சிகரெட் புரையேறியது. "யோவ், நான் வீடு கட்டறப்போ இங்க வெறும் புல்லுதான்யா இருந்துச்சு!"

"அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும் ஐயா. காலி இடத்தைப் பாத்தா எங்க வாரியம் சும்மா விடுமா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அன்றைக்கே கட்டுப்பாடுகள் வந்து இறங்கின. சமையலறையில் சமைக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கக் கூடாது. ஆறிய பெட்டியால் தேய்த்துக்கொள்ளத் தடையில்லை. மாமனார் சிகரெட் பிடிக்கலாம், பற்றவைக்கக் கூடாது. போகும்போது அதிகாரி வேலியோரமாக ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார். 'எச்சரிக்கை: இங்கே வீடு உள்ளது' என்று எழுதியிருந்த பலகை மரங்களைப் பார்த்து நின்றது. அதைப் படிக்கத் தையற்காரர் வேலியைத் தாண்டி மரத்தோடு மரமாகப் போய் நிற்க வேண்டியிருந்தது.

இஸ்திரி இல்லாமல் தையற்கடை எப்படி நடக்கும்? தைத்த சட்டைகளை மெத்தைக்கு அடியில் பரப்பி, மூன்று பேரும் அவற்றின்மேல் படுத்துத் தூங்கினார்கள். மாமனார் புரண்டு படுக்கிறவர். அவர் பக்கத்துச் சட்டைகளை வாங்கியவர்கள் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தது அடுத்த வீட்டுப் பல் டாக்டர். அவர் வீட்டுக்குப் பின்னாலும் அதே மரங்கள்தான். ஆனால் அவருக்கு அவை உயிர்.

"இந்தக் காத்தை மூச்சு விடக் குடுத்து வெச்சிருக்கணுங்க! எனக்கெல்லாம் சளி பிடிச்சதே இல்ல. நீங்க என்னடான்னா மரத்தைப் பாத்துப் பயப்படறீங்க. ஆம்பளையா இருந்துக்கிட்டு!"

"நான் மரத்தைப் பாத்துப் பயப்படல டாக்டர். என் பொண்டாட்டியைப் பாத்துப் பயப்படறேன்" என்றார் தையற்காரர். அது உண்மைதான். ஆனால் அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்பதும் அவருக்குத் தெரியும். மலைப்பக்கம் புகை மாதிரி ஏதாவது தெரிந்தால், மேகமாகவே இருந்தாலும், அவள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

வெயில் ஏற ஏற, வாரியம் 'வெப்ப நிகழ்வில்லா வாரம்' கொண்டாட முடிவு செய்தது. நிழல் நன்றாக இருக்கிறது என்று தையற்காரர் வீட்டுப் பின்புறத்தையே தேர்ந்தெடுத்தார்கள். சருகுமேல் விரிப்பு போட்டு, விரிப்புமேல் நாற்காலி போட்டு, வாரிய இயக்குநர் வந்து உட்கார்ந்தார். தொடக்கமாக ஒரு தீப்பந்தத்தை ஏற்றி உயர்த்திப் பிடித்தார். பந்தத்திலிருந்து பொறி ஒன்று கிளம்பிச் சருகில் விழுந்ததுதான் தாமதம், தையற்காரரின் மனைவி துவைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை இயக்குநர் தலையோடு சேர்த்து ஊற்றினாள்.

இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். "செயல்முறை விளக்கம் பிரமாதம்! யார் ஏற்பாடு?"

மரப்பிரிவு அதிகாரி எழுந்து, தன் ஏற்பாடுதான் என்று பணிவோடு ஒப்புக்கொண்டார்.

நனைந்த கோட்டோடு இயக்குநர் உரையாற்றினார். "நண்பர்களே! போன வருஷம் நம்ம எல்லைக்குள்ள ஒரு வீடுகூட எரியல. சில வீடுகள் எரிஞ்சதா வதந்தி வந்துச்சு. உடனே போய்ப் பாத்தோம். எரிஞ்சிருந்துச்சு. உடனே எல்லையைத் திருத்தினோம்! இப்போ அந்த வீடுகள் எல்லைக்கு வெளியே நிம்மதியா இருக்கு. நம்ம வாரியம் ஆரம்பிச்சப்போ இவ்வளவு மரம் இல்ல, அதனால தீ... வெப்ப நிகழ்வும் இல்ல. அதனால எங்களுக்கு வேலையும் இல்ல. இன்னைக்கு எத்தனை குடும்பங்கள் நம்ம வாரியத்தை நம்பிப் பிழைக்குது! ஒவ்வொரு மரமும் ஒரு வேலைவாய்ப்பு. இப்போ இந்த வீட்டு விஷயம். காட்டுக்குப் பக்கத்துல வீடு இருக்கக் கூடாது. மரத்தைத் தொடக் கூடாது. வீட்டை இடிச்சா பத்திரிகைக்காரங்க வந்து நிப்பாங்க. ராத்திரி பூரா யோசிச்சேன். விடியறப்போ தெரிஞ்சது. இன்னையிலேருந்து இந்த வீடும் காடு! இனிமே காட்டுக்குப் பக்கத்துல வீடே இல்ல. ஆபத்து நீங்கிடுச்சு!"

கைதட்டலில் நாலைந்து பட்டைகள் உரிந்து விழுந்தன. தையற்காரரும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று நினைத்தார்.

"காடுன்னா நாம யாரு மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார்.

அதற்கான பதில் மறுநாள் காலை புதருக்குள்ளிருந்து தூரக்கண்ணாடியோடு எட்டிப்பார்த்தது. விலங்குப்பிரிவு அதிகாரி! பாவம், நல்ல மனிதர். தைலமரம் வந்த நாளிலிருந்து அவருடைய விலங்குகள் ஒவ்வொன்றாக ஊரை விட்டு ஓடிவிட்டன. கடைசியாக ஒரு முயல் இருந்தது. அதுவும் கிழட்டு முயல். அதற்குப் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது ஒரே நாளில், காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குள் மூன்று உயிர்கள், அதுவும் பெரிய உயிர்கள்! அவருக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

"ஒரு ஆண், ஒரு பெண்" என்று உதவியாளரிடம் கிசுகிசுத்தார். "பெண்தான் கூட்டத்துக்குத் தலைமை. இன்னொரு கிழட்டு ஆண். வாயில வெள்ளையா ஏதோ குச்சி. பத்தவைக்கல. ஆனாலும் உறிஞ்சுது. ஏன்னு தெரியல."

விலங்குகளோடு பேசக் கூடாது, தீனி போடக் கூடாது, அருகில் போகக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. வீட்டைச் சுற்றி, எட்டத் தள்ளிக் கயிறு கட்டிவிட்டார்கள். சட்டை தைக்க வந்தவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று தங்கள் இடுப்பளவைக் கத்த வேண்டியிருந்தது. அரசாங்க ஊழியர் ஒருவர் தன் உண்மையான இடுப்பளவைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த மனம் வராமல் குறைத்துச் சொல்லி, அந்தக் கால்சட்டைக்குள் நுழைய முடியாமல் சண்டைக்கு வந்தார். சண்டையையும் கயிற்றுக்கு அப்பாலிருந்தே போட்டார்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் தையற்காரர். "மனுஷனா போய் நின்னேன், மிருகமாக்கி அனுப்பிட்டாங்க. கடையும் போச்சு. மரம் அப்படியேதான் நிக்குது. நான் போகாமலே இருந்திருக்கலாம்."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கொடியில் ஈரத்துணியை உதறியபடி, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

"ஊர்ல மிருகத்தைக் காப்பாத்தறோம்னு பேரு வெச்சிருக்காங்க. அது குடியிருக்கிற இடத்துல ஆபத்துன்னா என்ன பண்ணுவாங்களாம்?"

சாடைப்பேச்சு விலங்கோடு பேசுவதில் சேராது போலும். புதருக்குள்ளிருந்து அதிகாரி, தன் உதவியாளரிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார். "தம்பி, நல்லாத் தெரிஞ்சுக்கோ. வசிப்பிடத்துக்கு மரத்தால ஆபத்துன்னா, மரப்பிரிவைக் கேக்காமலே நாம வெட்டலாம். மூணாம் பிரிவு, ஏழாம் விதி. ஆனா விலங்கு பதற்றமடையறதை நாம கண்ணால பாக்கணும்."

"எப்படிப் பதறணும்னு ஏதாவது முறை இருக்காக்கும்" என்றாள் அவள், தலையணை உறையிடம்.

"சத்தம் போடணும் தம்பி. அங்கயும் இங்கயும் ஓடணும். உயரமான இடத்துல ஏறினா இன்னும் நல்லது."

அவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். "என்னங்க, எழுந்திருங்க. அப்பா, நீங்களும் வாங்க. பதறணும்."

"எனக்கு அதெல்லாம் வராதும்மா" என்றார் தையற்காரர்.

"இத்தனை மாசமா அதைத்தானே பண்ணிட்டிருந்தீங்க? அதையே கொஞ்சம் வெளிய வந்து பண்ணுங்க."

முதலில் அவர் கொடிக்கு அடியில் கூச்சத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "வேகமா!" என்றாள் மனைவி. ஓடினார். ஓடும்போது அந்த நடைக்கூடம் ஞாபகம் வந்தது. அவதூறு, ஜோசியம், கரி எல்லாம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தினார். அது அடிவயிற்றிலிருந்து வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது. மனைவி வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். மாமனாரோ, எந்த ஜென்மத்து ஆசையோ, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, வானத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கி, ஊளையிட்டார். நீண்ட, நிதானமான, ஏற்ற இறக்கத்தோடு கூடிய ஊளை! தெருக்கோடியில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்து மரியாதையாக வாலைத் தாழ்த்தின.

புதருக்குள் அதிகாரி தூரக்கண்ணாடியை இறக்கிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பதற்றத்தை நான் பாத்ததே இல்லடா!"

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். தையற்காரர் வீட்டுக்குப் பின்னால், மேடு வரைக்கும், ஒரு மரம் விடாமல் வெட்டி, சருகைக்கூட வழித்து அள்ளிக்கொண்டு போனார்கள். மரப்பிரிவு அதிகாரி ஓடிவந்து ஒவ்வொரு அடிமரத்தையும் கட்டிக்கொண்டு நின்றார். "இது என் மரம்!" "அது என் மிருகம்!" என்று இரண்டு பிரிவும் பல வருடங்களுக்குப் பிறகு பேசிக்கொண்டன. வெட்டு சரியாக டாக்டர் வீட்டு எல்லையில் நின்றுவிட்டது. டாக்டர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில குடும்பத்தோட மிருகமாயிட்டீங்க! நாங்க மனுஷங்களாவே இருந்துக்கறோம்ப்பா!" என்று சிரித்தார்.

கோடை முடிகிற சமயத்தில், ஒரு மதியம், காற்று திசை மாறியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் புகை தெரிந்தது. தையற்காரரின் மனைவி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். இந்த முறை மேகம் இல்லை. தைலமரங்கள் உச்சியிலிருந்து உச்சிக்குத் தீயைக் கைமாற்றிக்கொண்டு, படபடவென்று வெடித்துக்கொண்டு, இறங்கி வந்தன. மூவரும் வாசலில் நின்றார்கள். வெட்டவெளிக்கு வந்ததும் தீ நின்றது. தின்ன ஒன்றும் கிடைக்காமல் தரையைத் தடவிப் பார்த்தது. பிறகு பக்கத்தில், மனிதர்கள் குடியிருந்த வீட்டுப் பக்கம் திரும்பியது.

தையற்காரர்தான் முதலில் கயிற்றைத் தாண்டி ஓடினார். டாக்டரையும் அவர் மனைவியையும், வாயைத் திறந்தபடி நாற்காலியில் படுத்திருந்த ஒரு நோயாளியையும் இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே வாளி தூக்கியது. இருந்தும் டாக்டர் வீட்டின் பின்பாதி போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அன்றிரவு டாக்டர் குடும்பம் தையற்கடையில் தங்கியது. டாக்டர் தூங்கவே இல்லை. கரிபடிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டொரு நாளில் இயக்குநர் காரில் வந்து இறங்கினார். முகம் பிரகாசமாக இருந்தது.

"நம்ம வாரியத்தோட வெற்றி இது! வனவிலங்குகளுக்கு ஒரு கீறல்கூட இல்ல. இந்த நல்ல நேரத்துல உங்களுக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருக்கேன். உங்க மூணு பேரையும் மறுபடி மனுஷங்களா அறிவிக்கப் போறோம். கயிறை எடுத்துடுவோம். எல்லா உரிமையும் திரும்ப வரும். வரி கட்டலாம், ஓட்டுப் போடலாம், எங்ககிட்டப் புகார்கூடக் குடுக்கலாம்!"

தையற்காரர் மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து அவருக்குப் பயம் வரவில்லை. அவரே பேசினார்.

"வேண்டாம் சார்."

"என்னது?"

"மனுஷனா உங்க ஆபீஸ்ல வந்து நின்னேன் சார். ஒரு சருகைக்கூட நீங்க எடுக்கல. மிருகமா ஒரு கத்துதான் கத்தினேன், மேட்டுவரைக்கும் வெட்டிக் குடுத்துட்டாங்க. அந்த வீட்டுல இருந்தவங்க மனுஷங்க சார். பாருங்க, சுவர்தான் நிக்குது. நாங்க இப்படியே இருந்துக்கறோம்."

இயக்குநர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கருகிய சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆரம்பத்தில் இருமல் போல இருந்தது. பிறகு தயங்கித் தயங்கி மேலே ஏறி, நடுவில் உடைந்து, மறுபடி ஏறியது. அதைத் தொடர்ந்து எதிர்வரிசை வீட்டிலிருந்து ஒன்று. தெருக்கோடியில் இன்னொன்று.

"என்ன சத்தம் அது?" என்றார் இயக்குநர்.

"பல் டாக்டர் சார்" என்றாள் தையற்காரரின் மனைவி. "அப்பாதான் சொல்லிக் குடுக்கறார். இன்னும் சரியா வரல. அடுத்த கோடைக்குள்ள வந்துடும்."